அறுநூறு பேருக்கு அனுமதி

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஒற்று எங்கே போடுவது, எந்த ‘ற’ எங்கே வரும் என்று இன்றைக்கும் தடுமாற்றம். ஞாபகமும் முன்போல இல்லை. காலையில் மாத்திரை போட்டேனா என்பதையே மருமகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் கூடியபோது, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் கடைசி நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அப்படியும் விடவில்லை. தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளெல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துபோச்சு. இந்த ஒரு நாள் மட்டும் கலையவில்லை. அதையே எழுதுகிறேன்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி ஆபீஸில் வேலை பார்த்தேன். ஊர் பெயரை எழுதவில்லை. அன்றைக்கு இருந்தவர்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்த ஆபீஸில் குழாய் ரிப்பேர் பார்த்தவர். அவர் தவறிய பிறகு வாரிசு வேலையில் என்னைச் சேர்த்தார்கள். பெருக்குவது, பானையில் தண்ணீர் நிரப்புவது, தபால் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவது. எனக்குப் பேச்சு வராது. யாராவது நேராகப் பார்த்துக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆபீஸில் நான் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

1. படிவத்தில் ஒரு கட்டம்

எங்கள் ஊரில் ஆடி மாதம் ஏரிக்கரை மைதானத்தில் தீமிதி நடக்கும். அதுவரைக்கும் யாரும் யாரையும் கேட்டு நடத்தியது இல்லை. அந்த வருடம்தான் மைதானத்தில் ‘பேரூராட்சிக்குச் சொந்தமான புறம்போக்கு’ என்று போர்டு நட்டார்கள். எங்கேயோ ஒரு திருவிழா நெரிசலில் ஆட்கள் செத்துப்போனார்கள் என்று மேலிடத்திலிருந்து சர்க்குலரும் வந்திருந்தது. இனிமேல் பொது இடத்தில் கூட்டம் கூட்டினால் எத்தனை பேர் என்று மனுவில் எழுதி வாங்க வேண்டும். எழுதியதற்கு மேல் ஒரு ஆள்கூட உள்ளே விடக்கூடாது.

ஊர்ப் பெரியவர் எல்லப்பன் மனு கொடுக்க வந்தார். எனக்கு மாமன் முறை. வாசலில் செருப்பை விடும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“எங்க ஆத்தாளுக்கு நாங்க நெருப்பு மெதிக்க இவனுங்க கைல சீட்டு வாங்கணுமாம். நாளைக்கு மூச்சு உடறதுக்கும் ஒரு பாரம் அடிப்பானுங்க.”

செக்ஷன் கிளார்க் குமரேசன் சாப்பிடப் போயிருந்தார். ராகு காலம் பிறப்பதற்குள் மனு மேஜையில் விழ வேண்டும் என்று பெரியவருக்கு அவசரம். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும்.

“இன்னாமே அம்சா, நீ பட்ச்சவதானே. நீயே எய்து” என்று படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

பெயர், இடம், தேதி, மைக் செட் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். அப்புறம் அந்தக் கட்டம் வந்தது.

“எத்தினி பேர் கலந்துக்குவாங்கன்னு கேட்டுகீது, மாமா.”

“நம்ம ஊரு எத்தினி? அறநூறு. எய்திக்கோ.”

“அசலூர் சனம் வருமே.”

“அசலூர்க்காரன் கணக்க அசலூர்க்காரன் பாத்துப்பான். நம்ம கணக்கு அறநூறு. சீக்கிரம் எய்து, ராவு காலம் வந்துகினு கீது.”

600 என்று எழுதினேன். சின்ன வயசிலிருந்து காதில் விழுந்த கணக்கு அதுதான். கை நிற்கவில்லை, மனசும் நிற்கவில்லை. ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம்.

குமரேசன் வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். ஆயிரத்துக்கு மேல் போனால் ஃபைல் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடக்க வேண்டும். “அறுநூறுதானா? நல்லதாப் போச்சு. நம்ம ஈ.ஓ. கையெழுத்தோட முடிஞ்சுது” என்றார். ஈ.ஓ. என்றால் செயல் அலுவலர். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஆபீஸுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் இல்லை. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு உண்மை. மனு கொடுத்தவருக்கும், அதை வாங்கியவருக்கும், கையெழுத்துப் போட்டவருக்கும் அந்த எண் வசதியாக இருந்தது. அதனால் ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை.

2. ஆறு கட்டு சீட்டு

அனுமதிக் கடிதத்தில் கண்டிஷன் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மைதானத்தைச் சுற்றி வேலி போட வேண்டும். ஒரே ஒரு கேட், ஒரு ஆள் நுழைகிற அகலத்தில். ஆபீஸ் ஆள் நின்று எண்ண வேண்டும். அறுநூறு ஆனதும் கேட்டைக் கட்டிவிட வேண்டும்.

வேலி போட்டது எங்கள் ஊர் ஆம்பளைகள்தான். சவுக்குக் கம்பு நட்டு, தென்னங்கீற்று வைத்துக் கட்டினார்கள். ஏரிக்கரைப் பாதையை ஒட்டி நீளமாகப் போனது அந்த வேலி. கோயிலிலிருந்து மைதானத்துக்கு வர அந்தப் பாதை ஒன்றுதான். ஒரு பக்கம் இப்போது வேலி. மறுபக்கம் ஏரிச் சரிவு; கருங்கல் பாவியிருக்கும். ஆடியில் தண்ணீர் கீழே போயிருந்ததால் வெறும் கல்தான் தெரிந்தது. பாதைக்கும் மைதானத்துக்கும் நடுவில் அதற்கு முன்னால் ஒரு நாளும் வேலி இருந்ததில்லை. கூட்டம் வந்தால் அப்படியே மைதானத்தில் சரிந்து பரவிக்கொள்ளும்.

பெண்கள் வருவார்களே என்று கேட்டில் என்னைப் போட்டார்கள். குமரேசன் வாரச் சந்தையில் கொடுக்கும் பழைய சீட்டு ஆறு கட்டு கொடுத்தார். கட்டுக்கு நூறு. “ஒரு ஆள் உள்ள போனா ஒண்ணு கிழி. ஆறு கட்டும் தீர்ந்தா கேட்டைக் கட்டு. வேற எதுவும் யோசிக்காதே.”

யோசிக்கவில்லை.

3. கயிறு

மதியம் இரண்டு மணியிலிருந்து வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது அத்தனையும் ஆம்பளைகள். வழக்கமே அப்படித்தான். குண்டத்தில் கட்டை அடுக்க, தணல் தட்ட, காப்புக் கட்டியவர்களோடு நிற்க என்று அவர்கள் முன்னாலேயே வந்துவிடுவார்கள். பெண்கள் கோயிலிலிருந்து கரகத்துக்குப் பின்னால் தீச்சட்டியும் கூழ்ப் பானையுமாக வருவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நானும் அப்படி நடந்து வந்தவள்தான். ஆனால் அன்றைக்கு என் கண் சீட்டை விட்டு நகரவில்லை.

“இன்னா அம்சாக்கா, கொட்டாய்ல டிக்கெட் கிழிக்கற மாரி கிழிக்கற. எனக்குத் தரை டிக்கெட்டா பெஞ்சா?” என்று ஒருத்தன் கேட்டான். பின்னால் வந்தவன், “உனக்கு நெருப்பு டிக்கெட்றா, போ உள்ள” என்றான். நான் முந்தானையை இழுத்து வாயை மறைத்துக்கொண்டு கிழித்தேன்.

ஆறாவது கட்டின் கடைசிச் சீட்டைக் கிழித்தபோது கரைமேல் பம்பைச் சத்தம் கேட்டது.

“முடிஞ்சுதா? கட்டு” என்றார் பக்கத்தில் நின்ற குமரேசன். தேங்காய் நார்க் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி நானே முடி போட்டேன். என் முதுகுக்குப் பின்னால் மைதானம் பாதிகூட நிறையவில்லை.

கரகம் கேட்டுக்கு வந்தது. அதை ஒட்டித் தனம் வந்தாள். எங்கள் தெருதான். புருஷன் விட்டுவிட்டுப் போய், அண்ணன் வீட்டில் இருந்தாள். இரண்டு கையிலும் வேப்பிலை வைத்துத் தீச்சட்டி ஏந்தியிருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நாலு வயசு மகள் செல்வி.

“யக்கா, தொற.”

“முடிஞ்சிட்ச்சி, தனம்.”

“இன்னா முடிஞ்சிட்ச்சி? கரகமே வெளிய கீது.”

பம்பை அடித்தவரிடம், “கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாத்தே” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

“கரகம் எடம் சேராம கை நிக்கக்கூடாதும்மா. நிறுத்தினா ஆத்தா என்ன உடமாட்டா.”

அவர் அடித்தார். பின்னால் வந்தவர்களுக்குக் கேட் மூடியது எப்படித் தெரியும்? பம்பை கேட்கிறது, நடக்கிறார்கள். கரை முழுக்க மஞ்சள் சேலை. கரை வளைகிற இடத்துக்கு அப்பாலும் மஞ்சள் சேலைதான். முன்னால் நின்றவர்கள் வேலியோடு ஒட்டிக்கொண்டார்கள். கீற்று உள்பக்கமாகப் புடைத்தது.

எல்லப்பன் மாமா உள்ளேயிருந்து வந்தார்.

“இன்னாத்துக்கு மூடின? பொம்பளைங்க வராம எப்டி எறங்கறது?”

“அறநூறு ஆயிட்ச்சி மாமா. நீங்க சொன்ன கணக்குதான்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அறநூறு தலைக்கட்டுடி. ஊட்டுக்கு ஒண்ணு. பொண்டு புள்ளைய எவன் எண்ணுவான்?”

எங்கள் பக்கம் ஊர்க் கணக்கு அப்படித்தான். ஒரு குடும்பத்தின் ஆம்பளை ஒருத்தர் ஒரு தலைக்கட்டு. திருவிழா வரி, பந்தல் வேலை, பிரசாதம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். பெஞ்சாதி, பிள்ளைகள், வயசானவர்கள் அதில் வரமாட்டார்கள். தாலி அறுத்தவள் வரமாட்டாள். என் வீட்டுக்காரர் தவறிய வருடமே எங்கள் வீட்டை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் கையால் எழுதிய அந்த அறுநூறில் நானே இல்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

“சார், கணக்கு தப்பு. தொறக்கணும் சார்” என்று குமரேசனிடம் சொன்னேன்.

“ஆர்டர்ல அறுநூறு. கயிறை அவுத்தா உன் வேலை போகும், என் வேலையும் போகும். நான் போய் ஈ.ஓ.வைக் கூட்டிட்டு வரேன்” என்றார். ஆனால் போகவில்லை. அவருக்கும் முகம் வெளுத்திருந்தது.

“புள்ளைய வாங்கு யக்கா” என்று தனம் கத்தினாள். செல்வியின் முகம் கீற்றில் அழுந்திக்கொண்டிருந்தது. வேலிக்கு மேலே குனிந்து அவள் கையைப் பிடித்தேன்.

“அதை வாங்கினா அறுநூத்தி ஒண்ணு” என்றார் குமரேசன். அவர் கல் நெஞ்சால் சொல்லவில்லை. பயத்தில் மனுஷனுக்கு என்ன வருகிறதோ அது வந்தது. ஆனால் அந்த வார்த்தை இன்றுவரைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

செல்வியைத் தூக்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. சட்டி சாய்ந்தது. தனம் அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போட்டால் பக்கத்தில் நின்றவள் தலையில் விழும், இல்லையென்றால் காலடியில் மகள் தலையில் விழும். அவள் போடவில்லை. இரண்டு முழங்கையையும் மடக்கிச் சட்டியைத் தன் மாரோடு அணைத்துக்கொண்டாள். தணல் அவள் கைமேல் கொட்டியது. அவள் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டைத் திறக்கக்கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிருஷ்ணாயில் கடையில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அத்தனை பேர் நெருக்கும்போது ஒற்றைக் கதவைத் திறந்தால் முதல் ஆள் விழுவாள், அவள்மேல் அத்தனை பேரும் விழுவார்கள்.

“கேட் வாணாம் மாமா. வேலியப் பிரிங்க. நீளமாப் பிரிங்க” என்றேன். என் வாயிலிருந்து வந்ததுதானா என்று எனக்கே சந்தேகம். அவ்வளவு சத்தம் அதற்கு முன்பும் போட்டதில்லை, பிறகும் போட்டதில்லை.

முந்தின நாள் கட்டிய கைகள் அல்லவா, எந்த முடி எங்கே என்று தெரியும். அரிவாளால் சிலர், பல்லால் சிலர். ஐம்பது அடிக்கு வேலி விழுந்தது. கூட்டம் மைதானத்தில் சரிந்து பரவியது, பழைய வருடங்கள் போலவே. ஆனால் அதற்குள் ஏரிப் பக்கம் இரண்டு பேர் சரிவில் உருண்டிருந்தார்கள். ஒரு வயசானம்மாவுக்கு இடுப்பு எலும்பு. இன்னொருத்தருக்கு மண்டை. உயிர் ஒன்றும் போகவில்லை. செல்விக்குக் காயம் இல்லை.

அரை மணி நேரத்தில் தீமிதி நடந்தது. எனக்கு அதுதான் நம்ப முடியவில்லை. மைக்கில் பாட்டு ஓடியது. தனத்தை ஒரு மாட்டுவண்டியில் படுக்க வைத்து ரோடு வரைக்கும் கொண்டுபோனபோது அவளுக்காக யாரும் பாட்டை நிறுத்தவில்லை.

4. அறிக்கை

மூன்றாம் நாள் ஈ.ஓ. எல்லோரையும் கூப்பிட்டு அறிக்கையைப் படித்தார். “அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை அறுநூறு. அனுமதிக்கப்பட்டவர்கள் அறுநூறு. மைதானத்தினுள் அசம்பாவிதம் ஏதும் இல்லை. நிகழ்ச்சி நிபந்தனைகளின்படி நடந்தது.” பிரித்த வேலியைப் பற்றி ஒரு வரி, ‘பின்னர் அகற்றப்பட்டது’ என்று. குமரேசன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். கேட்டில் நின்ற ஆள் என்று எனக்கும் ஒரு இடம் விட்டிருந்தார்கள்.

அந்தக் காகிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் எனக்குப் பகீரென்றது. அடிபட்டவர்கள் வேலிக்கு வெளியே இருந்தார்கள். அதனால் அவர்கள் திருவிழாவுக்கே வரவில்லை. ஊர்க் கணக்கிலும் தனம் இல்லை, ஆபீஸ் கணக்கிலும் இல்லை. ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்தாள், இரண்டு கையிலும் கட்டுப் போட்டு.

“போடும்மா. கையெழுத்து வராதா? ரேகை வச்சுடு” என்றார் குமரேசன்.

“வரும் சார். போட மாட்டேன்.”

ஈ.ஓ. நிமிர்ந்து பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

“என்னம்மா?”

“தனம் பேர் இதுல இல்ல சார்.”

“அவங்க உள்ள வரலையே.”

“வரத்தான் வந்தாங்க சார். நான் கயிறு கட்டிட்டேன். அந்த அறுநூறும் நான் எழுதினதுதான். தலைக்கட்டு கணக்கு அது, ஆள் கணக்கு இல்ல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நானும் அந்த ஊர்தான்.”

அவ்வளவுதான் சொன்னேன். குமரேசன், “நீ மாட்டிக்கிறதும் இல்லாம எங்களையும் ஏன் மாட்டி விடறே?” என்று பல்லைக் கடித்தார். ஈ.ஓ. தலைக்கட்டு என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். மனுவை எடுத்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

“அப்போ ஊர்ல மொத்தம் எத்தனை பேர்?”

“தெரியாது சார். யாரும் எண்ணினது இல்ல.”

அவர் அறிக்கையைக் கிழிக்கவெல்லாம் இல்லை. கடைசியில் தன் கையாலேயே மூன்று பெயர் எழுதினார், ‘நுழைவாயிலில் காத்திருந்தபோது காயம்’ என்று. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை. அந்த வருட இன்கிரிமெண்ட் நின்றது. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

5. எத்தனை தட்டு

அடுத்த வருடம் ஆடிக்கு முன்னால் ஈ.ஓ. என்னையே வீடு வீடாக அனுப்பினார். “எத்தனை பேர்னு கேட்டா மறுபடியும் அதே கணக்குதான் சொல்வாங்க. எப்படிக் கேக்கணும்னு நீங்களே யோசிங்க” என்றார். ‘நீங்க’ என்றதும் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

யோசித்துப் பார்த்து, ‘உங்க ஊட்டுல சோத்துக்கு எத்தினி தட்டு வெக்கிறீங்க? மடில உக்காந்து துன்ற புள்ளைக்கும் சேத்துச் சொல்லுங்க’ என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் யாரையும் விட முடியாது. சாப்பிடாமல் யாரும் இருப்பதில்லை.

எல்லப்பன் மாமா சிரித்தார். “இன்னாமே, ஊருக்கே விருந்து வெக்கப் போறியா?” என்றார். ஆனால் தட்டுக் கணக்கைச் சொன்னார்: பதினொன்று. போன வருடம் அந்த வீடு ஒன்று.

நாலு நாள் ஆனது. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தபோது குமரேசன் இரண்டு தடவை திருப்பிக் கூட்டினார். ஈ.ஓ. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்த வருடம் ஃபைல் கலெக்டர் ஆபீஸுக்குப் போனது. பாதைக்கும் மைதானத்துக்கும் நடுவில் வேலி இல்லை. ஏரிச் சரிவுப் பக்கம்தான் வேலி போட்டார்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். படிவத்தில் ஒருத்தர் ஒரு எண் சொன்னால், எதை எண்ணினீர்கள் என்று கேளுங்கள். அந்த எண் நமக்கு வசதியாக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.

தனத்தின் அண்ணன் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். போகக் கால் வரவில்லை. அவளுடைய கை ஆறியிருந்தது, விரல் முழுசாக நீளாது. அண்ணன் வாசலில் நின்று, தட்டுக் கணக்கை விரல் விட்டு எண்ணினார். தான், பெஞ்சாதி, மூன்று பிள்ளை.

“அஞ்சு” என்றார்.

நான் எழுதவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே அடுப்படியிலிருந்து தனத்தின் குரல் வந்தது.

“ஏழு. ஏழுன்னு எய்துக்கா.”

எழுதினேன்.

இது எண்பத்தி ஆறா, ஏழா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. யாராவது பழைய ஃபைலைப் பார்த்துச் சரி செய்யுங்கள். ஐம்பது அடி என்றது என் கண்ணளவுதான். அறிக்கையில் ஈ.ஓ. எழுதியது மூன்று பெயர். ஆனால் அன்றைக்குக் கரைமேல் அடிபட்டவர்கள் இன்னும் இருந்தார்கள் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் விசாரித்து, விட்டுப்போன பெயர்களையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள்.